நிரப்பிய படிவத்துக்கு மட்டும் கூலி

சந்தை ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரு முதுகலை மாணவர் துறைக்கு வந்து சொன்னால் இரண்டு விதமான மறுமொழிகள் வரும். பேராசிரியரின் முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் பாவனை தோன்றும். சோப்பு விற்பதற்கா இவ்வளவு படித்தாய் என்ற கேள்வி சொல்லாமலே கேட்கும். வேலைவாய்ப்புப் பிரிவின் பொறுப்பாளரோ அதே வேலையைத் துண்டறிக்கையில் ஏற்றி, ‘தரவுப் பகுப்பாய்வுத் துறையில் நியமனம்’ என்று பெயர் சூட்டிவிடுவார். இருவரும் அந்த வேலையை அருகிலிருந்து பார்த்தவர்கள் அல்லர். அதன் நன்மை எது, தீமை எது என்பதை அறிய வேண்டுமானால் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போய்ப் பயனில்லை. வீட்டு வாசலில் வினாப்படிவத்துடன் நிற்பவரிடம் போக வேண்டும்.

அப்படி நிற்பவர்கள் அதிகம் உருவாகக்கூடிய நிலம் ஒன்று கேரளத்தின் தென்கோடியில் இருக்கிறது. நெய்யாற்றின்கரையிலிருந்து அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை வழியாகக் களியக்காவிளைக்குப் போகும் சாலையின் இருபுறத்து ஊர்கள் அவை. இங்கே வளர்ந்தவருக்கு மலையாளமும் தமிழும் சேர்ந்தே வரும். பள்ளியில் ஒன்று, சந்தையில் மற்றொன்று, வீட்டில் இரண்டும் கலந்த ஒன்று. காலையில் திருவனந்தபுரத்தில் மலையாளப் படிவத்தையும் மாலையில் மார்த்தாண்டத்தில் தமிழ்ப் படிவத்தையும் ஒரே ஆளால் நிரப்பித் தர முடியும் என்றால் எந்த நிறுவனம்தான் வேண்டாம் என்னும்? முதுகலை முடித்து, தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, வீட்டுக்குச் சுமையாகாமல் இருக்க வழி தேடும் எல்லை ஊர் இளைஞருக்கும் இளம்பெண்ணுக்கும் இது கைக்கெட்டும் வேலை.

இதன் நன்மைகளை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அவற்றை மறைத்துவிட்டுத் தீமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது. முன்பின் அறியாதவரின் வாசலில் நின்று, சந்தேகத்தோடு பார்க்கும் ஒருவரை முக்கால் மணி நேரம் பேசவைக்கும் திறமை எந்த ஆய்வு நெறிமுறைத் தாளிலும் கற்பிக்கப்படுவதில்லை. தாளில் மாதிரியெடுப்பு என்றால் வரையறை; களத்தில் அது வலக்கைப் பக்கமாகத் திரும்பி, வீடுகளை எண்ணிக்கொண்டே நடந்து, பூட்டிய கதவின் முன் நின்று, மறுநாள் மீண்டும் வந்து பார்ப்பது. வீட்டில் யாரிடம் கேட்பது என்பதை வாசலுக்கு வந்தவரின் விருப்பத்துக்கு விடாமல் தீர்மானிக்க 1949 இல் லெஸ்லி கிஷ் வகுத்த கட்டம் ஒன்று உண்டு. அதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் பலர். அந்தக் கட்டம் சுட்டுகிற ஆள் தூங்கிக்கொண்டிருக்கும் மாமியாராக இருக்கும்போது என்ன செய்வது என்று தெரிந்தவர் களப்பணியாளர் மட்டுமே.

இன்னொரு நன்மை, வகைப்பாடுகளின் மீது வரும் ஐயம். கல்விப்புலத்தில் அதை வளர்க்கப் பல ஆண்டுகள் ஆகும். களத்தில் ஒரு வாரம் போதும். தேங்காய் எண்ணெயை எடுத்துக்கொள்ளலாம். படிவத்தில் சமையல் எண்ணெய்க்கு ஒரு பக்கம், தலைமுடி எண்ணெய்க்கு வேறொரு பக்கம். பாறசாலை வீட்டில் ஒரே புட்டி அடுப்படிக்கும் போகும், தலைக்கும் போகும். எந்தப் பக்கத்தில் எழுதுவது? இந்தக் கேள்வி அற்பமானதன்று. சிறு பொட்டலத் தேங்காய் எண்ணெய் உணவா, அழகுப் பொருளா என்ற வரி வழக்கு, 2018 இல் உச்ச நீதிமன்றத்தில் இரு நீதிபதிகளுக்கிடையே கருத்து மாறுபட்டு, கடைசியில் 2024 திசம்பரில்தான் மூன்று நீதிபதிகள் அமர்வில் முடிவுக்கு வந்தது. தலைமுடி எண்ணெய் என்று விற்கப்படாதவரை அது சமையல் எண்ணெயே என்றது தீர்ப்பு. வழக்கறிஞர்கள் பல ஆண்டுகள் வாதிட்ட சிக்கலைக் களப்பணியாளர் ஒவ்வொரு வாசலிலும் அரை நிமிடத்தில் தீர்க்க வேண்டியிருக்கிறது.

சந்தை ஆய்வைத் தீண்டாமல் தூர நிற்கும் சமூக அறிவியலாளர்கள் தங்கள் துறையின் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்க்கலாம். வேலையின்மை பற்றிய செவ்வியல் ஆய்வாகப் பாடத்திட்டங்களில் இடம்பெறும் மரியென்தால் ஆய்வு 1933 இல் வெளிவந்தது. அதை நடத்திய பால் லசார்ஸ்ஃபெல்டும் மரீ யகோடாவும் பணியாற்றிய வியன்னா ஆய்வகம், வணிக நிறுவனங்களுக்குச் சந்தை ஆய்வு செய்து கொடுத்துத் தன் செலவைச் சமாளித்த இடம். இந்தியாவில் 1960 இல் பரோடாவில் ஓ.ஆர்.ஜி. ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியவர் விண்வெளி ஆய்வின் தந்தை எனப்படும் விக்ரம் சாராபாய். சந்தை ஆய்வு அறிவுலகின் வாசலுக்கு வெளியே பிறந்த ஒன்று என்பது பின்னால் கட்டிய கதை.

பணக் கணக்கும் இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் தகுதித் தேர்வு நல்கை பெறாத முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய் என்று பல்கலைக்கழக மானியக் குழு நிர்ணயித்துப் பத்தாண்டுகளுக்கும் மேலாகிறது. அதையும் நிறுத்தப் பார்த்த 2015 இல் மாணவர்கள் தில்லியில் குழுவின் வாசலிலேயே அமர்ந்து போராட வேண்டியிருந்தது. இந்தத் தொகையில் ஓர் ஆய்வாளர் வாழ்ந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்கும் கல்விப்புலம், சந்தை ஆய்வுக்குப் போகிறவரைப் பார்த்து விலைபோய்விட்டார் என்று சொல்வதில் உள்ள துணிவு வியப்புக்குரியது.

ஆனால் நன்மைகள் இத்தனை இருக்கும் ஒரு வேலையில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நிற்பவரைக் காண்பது ஏன் அரிதாக இருக்கிறது? இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணங்கள் வெயில், அலைச்சல், வீட்டார் தரும் அவமதிப்பு. இவை உண்மையே, எனினும் தபால்காரரும் மின்கணக்கு எடுப்பவரும் இதே வெயிலில்தான் நடக்கிறார்கள். காரணம் வேறு. களத்தில் இறங்குபவரில் பெரும்பாலோர் நிறுவனத்தின் ஊழியர்கள் அல்லர். நிறுவனம் ஒரு வட்டார ஒப்பந்தக்காரரிடம் வேலையை விடும். அவர் மேற்பார்வையாளரிடம் விடுவார். மேற்பார்வையாளர் ஊரில் தெரிந்தவர்களைத் திரட்டுவார். நியமனக் கடிதம் கிடையாது. நிரப்பி முடித்து, ஏற்றுக்கொள்ளப்பட்ட படிவத்துக்கு இவ்வளவு என்பதுதான் பேச்சு.

இந்த ஒரு வாசகத்துக்குள் எல்லாத் தீமையும் அடங்கியிருக்கிறது. பூட்டிய வீட்டுக்குக் கூலி இல்லை. மறுத்தவரிடம் செலவழித்த நேரத்துக்குக் கூலி இல்லை. முதல் பத்து வடிகட்டும் கேள்விகளைக் கேட்டபின், ‘இந்த வயது இலக்குக் குழுவுக்குள் வரவில்லை’ என்று எழுந்து வர நேர்ந்தால் அதற்கும் இல்லை. பாதியில் கைபேசி வந்து இல்லத்தரசி உள்ளே போய்த் திரும்பி வராவிட்டால் அதுவும் வீண். கைக்கணினி வந்தபின் இருப்பிடமும் குரலும் பதிவாகின்றன. சரிபார்ப்பவர் பின்னர் அழைக்கும்போது அந்த வீட்டார் ‘யாரும் வரவில்லையே’ என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டால் செய்த வேலைக்கும் கூலி போகும். கள ஆய்வு என்றால் மறுப்புகளோடு மல்லுக்கட்டுவதுதான். அதற்கு மட்டும் ஊதியம் கிடையாது என்று வகுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? களைத்துப்போன ஒருவர் டீக்கடை பெஞ்சில் அமர்ந்து, தெரிந்த வீட்டாரின் பெயரில் மீதிப் படிவங்களை முடிப்பது. அதை மோசடி என்று எல்லாரும் சொல்வார்கள், மோசடிதான். அதற்கு விலைப்பட்டியல் போட்டுக் கொடுத்தவர் யார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

மகலனோபிஸ் இதை அறிந்திருந்தார். வங்காளச் சணல் கணக்கெடுப்புகளிலிருந்தே அவர் ஒரே பரப்பில் இரு குழுக்களைத் தனித்தனியாக அனுப்பி, இரண்டின் விடைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஊடுருவு மாதிரி முறையைக் கையாண்டார். களப்பணியாளர் பிழை செய்வார் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு அவர் கண்ட வழி சோதனையும் பயிற்சியும் நிலையான பணியமைப்பும். 1950 இல் தொடங்கிய தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு அந்தச் சிந்தனையில் வளர்ந்தது. பிற்காலத்தில் அங்கும் ஒப்பந்தக் களப்பணியாளர்கள் நுழைந்தது தனிக்கதை.

எல்லை ஊரில் இந்தத் தீமை இன்னும் ஒரு மடங்கு கூடுகிறது. களியக்காவிளைச் சந்தை தமிழ்நாட்டில் இருக்கிறது. அங்கே மீனும் காய்கறியும் மளிகையும் வாங்கும் வீடுகள் கேரளத்தில் இருக்கின்றன. கடைகளை எண்ணும் ஆய்வில் அந்த விற்பனை தமிழ்நாட்டுக் கணக்கு. வீடுகளை எண்ணும் ஆய்வில் அதே பொட்டலம் கேரளக் கணக்கு. இரண்டு அறிக்கைகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் கேரளத்தில் விற்றதைவிட அதிகம் நுகரப்படுகிறதே என்று குழம்புவார். அமரவிளையில் வணிகவரிச் சோதனைச் சாவடி இயங்கிய காலத்தில் எல்லை என்பது லாரிகளுக்காவது தெரிந்தது. 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் அதுவும் போயிற்று. பெட்ரோலுக்காக எல்லை தாண்டும் இருசக்கர வாகனத்துக்கு மாநிலம் எங்கே முடிகிறது என்பது விலைப்பலகையில் மட்டும் தெரிகிறது. மாநிலத்தை அடுக்காகக் கொண்டு மாதிரியெடுக்கும் எந்த ஆய்வுக்கும் இது கண்ணில் படாது. களப்பணியாளருக்குத் தெரியும். ஆனால் தெரிந்ததை எழுத இடமில்லை, எழுதினால் கூலியும் இல்லை.

மொழியின் கதை இதைவிடக் கசப்பானது. கேரளத்துக்கு அனுப்பப்படும் படிவம் மலையாளத்தில் இருக்கும். இஞ்சிவிளையில் கதவைத் தட்டுபவர் முதல் வீட்டில் ‘சேச்சி’ என்று அழைக்கிறார், அடுத்த வீட்டில் ‘அக்கா’ என்கிறார். எந்தச் சொல்லால் அழைப்பது என்பதை முற்றத்தைப் பார்த்து, உள்ளிருந்து வரும் குரலைக் கேட்டு முடிவு செய்கிறார். தமிழ் பேசும் வீடாயின் மலையாளப் படிவத்தின் ஒவ்வொரு கேள்வியையும் நின்ற நிலையிலேயே மொழிபெயர்த்துக் கேட்கிறார். தமிழில் வந்த விடையை மலையாளக் குறியீட்டில் ஏற்றுகிறார். ‘முழுமையாக உடன்படுகிறேன்’, ‘ஓரளவு உடன்படுகிறேன்’ என்ற ஐந்துபடி அளவையை அந்த வட்டாரப் பேச்சில் சொல்லிப் பார்த்தவருக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய மொழிபெயர்ப்பு வேலை என்று. நட்சத்திர விடுதியில் நடக்கும் கருத்தரங்கில் இதைச் செய்பவருக்கு மணிக்கணக்கில் ஊதியம் உண்டு. வாசலில் செய்பவருக்கு அப்படி ஒரு வேலை நடந்ததாகவே பதிவில்லை. விளைவாக வரும் தரவில் அந்த வீடு ஐயத்துக்கு இடமின்றி மலையாள வீடு.

இந்த மண்ணில் ஒரு கட்டத்தில் விழும் மொழிக்குறி எவ்வளவு தொலைவு போகும் என்பதற்கு வரலாறே சான்று. மாநில மறுசீரமைப்புக் குழு 1955 இல் திருவிதாங்கூர்த் தாலுகாக்களின் மொழிச் சார்பை எடைபோட்டபோது அதன் முன் இருந்தவற்றுள் 1951 குடிமதிப்பின் மொழிக் கணக்கும் ஒன்று. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட பகுதிகளில் நெய்யாற்றின்கரையும் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த முடிவு சரியா தவறா என்பது இங்கே பேச்சன்று. தாய்மொழி எது என்று கேட்டு, சொன்ன விடையை அப்படியே எழுதுவது எழுதுபவரின் கடமை என்று குடிமதிப்பு விதிக்கிறது. அந்தக் கடமையின் எடை எல்லைக்காரர்களுக்குத் தெரியும் என்பதே செய்தி. 1969 இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுடன் எழுத்துத் தொடர்பு கொள்ள உரிமை தந்தது. ஆட்சியே ஒதுக்கிய அந்த இடத்தைச் சோப்புப் பற்றிய ஒரு படிவம் ஒதுக்க மறுக்கிறது.

களத்தின் குறை மேலே போகும்போது எப்படி ஊதிப் பெருகும் என்பதற்கு 2014 சனவரியில் வெளியான இந்திய வாசகர் கணக்கெடுப்பைச் சுற்றி எழுந்த பூசல் நினைவிருக்கலாம். பதினெட்டு நாளிதழ்க் குழுமங்கள் கூட்டறிக்கை விட்டு அதை மறுத்தன. சென்னையில் இருப்பதைவிட மணிப்பூரில் பிசினஸ் லைனுக்கு மூன்று மடங்கு வாசகர்கள் என்கிறது, 60,000 பிரதிகளுக்கு மேல் விற்பதாகச் சான்று பெற்ற நாக்பூர் ஹிதவாதாவுக்கு ஒரு வாசகர்கூட இல்லை என்கிறது என்று அவை சுட்டிக்காட்டின. மாதிரியின் அளவு, பகுப்பு முறை, மறுசரிபார்ப்பு என்று விவாதம் நெடுநாள் நடந்தது. அந்தப் படிவங்களை நிரப்பியவர்கள் எவ்வளவு நேரத்தில், எந்தக் கூலிக்கு, எந்த மொழியில் நிரப்பினார்கள் என்ற கேள்வி அந்த விவாதத்தின் ஓரத்துக்குக்கூட வரவில்லை.

இதைப் படித்து, சந்தை ஆய்வு இப்படித்தான் என்று தலையசைக்கும் கல்விப்புலத்தாரிடம்தான் மெய்யான வழக்கு. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 6,36,699 வீடுகளுக்குச் சென்றது. களத்தில் இறங்கியவை பதினேழு கள நிறுவனங்கள். அந்தத் தரவை இறக்கிக்கொண்டு எழுதப்பட்ட ஆய்வேடுகளின் நன்றியுரையில் நெறியாளர், துணைவேந்தர், தட்டச்சர், இறைவன் எல்லாரும் உண்டு. வாசலில் நின்றவர்களைத் தேடத்தான் வேண்டும். வணிகவியலிலும் மேலாண்மையியலிலும் நிலைமை இன்னும் வெளிப்படை. 384 என்ற மந்திர எண்ணை அறியாத நெறியாளர் இருக்க முடியாது. 1970 இல் கிரெஜ்சியும் மார்கனும் வெளியிட்ட அட்டவணையிலிருந்து அதை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த 384 படிவங்களையும் இளங்கலை மாணவர்களிடம் படிவத்துக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கும் வழக்கம் தென்கேரளத்துக்கும் குமரி மாவட்டத்துக்கும் பொது. நிறுவனத்திலாவது பத்தில் ஒன்றைத் திரும்பச் சரிபார்க்க ஒருவர் இருப்பார். ஆய்வேட்டில் அதுவும் இல்லை. சந்தை ஆய்வின் தீமையை அப்படியே எடுத்துக்கொண்டு, அதன் ஒழுங்கை மட்டும் விட்டுவிட்ட இடம் பல்கலைக்கழகம்.

வெளிநாட்டு எடுத்துக்காட்டுக்குத்தான் மதிப்பென்றால் அதுவும் உண்டு. வாசலில் நடக்கும் உரையாடல் ஒருபால் திருமணம் பற்றிய கருத்தை மாற்றும் என்று 2014 திசம்பரில் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதை மறுபடி செய்து பார்க்க முயன்ற இளம் ஆய்வாளர்கள், தரவைத் திரட்டியதாகக் கூறப்பட்ட கணக்கெடுப்பு நிறுவனத்தைத் தொடர்புகொண்டார்கள். அப்படி ஒரு திட்டமே தங்களுக்குத் தெரியாது என்றது நிறுவனம். 2015 மே மாதத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தரவு வரவில்லை என்று சொன்னவர்கள் சந்தைக்காரர்கள். வந்ததாக எழுதியவர் முனைவர் பட்ட மாணவர்.

ஆகவே பாறசாலையில் ஒரு மாணவர் இந்த வேலைக்குப் போகலாமா என்று கேட்டால் போகலாம் என்றே சொல்ல வேண்டும், சில நிபந்தனைகளோடு. எழுத்தில் நியமனம் கேட்க வேண்டும். கூலி நாளுக்கா, படிவத்துக்கா என்று முதல் நாளே கேட்க வேண்டும். பயணப்படி எப்போது வரும் என்பதை மேற்பார்வையாளரின் வாய்ச்சொல்லுக்கு விடக்கூடாது. ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காவிட்டால் கொடுக்கும் பொறுப்பை முதன்மை முதலாளி மீது வைத்தது 1970 இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம். அந்தக் கொள்கை இருப்பதையாவது அறிந்து போக வேண்டும். தனியாக மாலைப்பொழுதில் வீடுகளுக்குள் அனுப்பப்படும் பெண்கள் துணையோடு போகும் உரிமையைக் கேட்டுப் பெற வேண்டும். இவையெல்லாம் மாணவர் கேட்க வேண்டியவை.

துறைகள் செய்ய வேண்டியது வேறு. இந்தியச் சமூக அறிவியல் ஆய்வுக் குழுவுக்கோ பிற நல்கை அமைப்புக்கோ அனுப்பும் விண்ணப்பத்தில் ‘களப்பணி’ என்ற தலைப்பின் கீழ் வரும் தொகை, படிவ எண்ணிக்கையால் பெருக்கப்பட்டதா, நாள் எண்ணிக்கையால் பெருக்கப்பட்டதா என்று துறைக்குழு கேட்கலாம். முன்னதாயின் திருப்பி அனுப்பலாம். பூட்டிய வீட்டுக்கும் மறுத்த வீட்டுக்கும் போய்வந்த நேரம் கணக்கில் இருக்க வேண்டும். எல்லை வட்டாரமாயின் இரு மொழியிலும் படிவம் அச்சிடப்பட வேண்டும். எந்த வீட்டில் எந்த மொழியில் நேர்காணல் நடந்தது என்று குறிக்க ஒரு கட்டம் வேண்டும். கள நிறுவனத்தில் ஈராண்டு நடந்தவரின் அனுபவம் ஆய்வு உதவியாளர் தேர்வில் மதிப்பெண் பெற வேண்டும். ஆய்வேட்டின் பின்னிணைப்பில், வினாப்படிவத்துக்கு அடுத்த பக்கத்தில், அதை எடுத்துக்கொண்டு நடந்தவர்களின் பெயர்கள் அவர்கள் ஒப்புதலுடன் அச்சாக வேண்டும். இதற்கு ஒரு பக்கம் போதும்; பெரும்பாலான ஆய்வேடுகளில் வெற்றுப் பக்கங்களே அதைவிட அதிகம்.